காட்டன் துரை அளந்த கடல்: பாம்பனில் ஓர் அரை நாள் சுற்றுலா

பாம்பனில் ஓர் இளைஞர், காவிரிப் பாசனத்தையும் கோதாவரி அணையையும் அமைத்த ஆங்கிலேயப் பொறியாளர் சர் ஆர்தர் காட்டனின் பெயரைச் சொல்லி அரை நாள் சுற்றுலா ஒன்று நடத்துகிறார். தலைக்கு 700 ரூபாய். வேன், வழிகாட்டி, மதியச் சாப்பாடு, மெலிந்த கையேடு ஒன்று எல்லாம் அதற்குள் அடக்கம். போகலாமா என்று உறவினர்கள் இரண்டு மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். போகலாம். கொடுத்த பணத்துக்குக் குறைவில்லை. ஆனால் கையேட்டில் இருப்பதை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்தத் தம்பி வாயால் சொல்வதிலும் பாதியைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். கையால் செய்து காட்டுவதை முழுக்க நம்பலாம்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், எந்த இடத்திலிருந்து குறை சொல்கிறேன் என்று தெரிய வேண்டும் அல்லவா. சொந்த ஊர் உச்சிப்புளிப் பக்கம். பொதுப்பணித் துறையின் பாசனப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். பணிக்காலத்தில் பெரும் பகுதி கொள்ளிடத்தின் இரண்டு அணைகளான முக்கொம்புக்கும் அணைக்கரைக்கும் இடையில் கழிந்தது. ஆகவே காட்டன் எனக்குச் சிலையாக நிற்கும் துரை அல்ல. அவர் போட்ட அடித்தளத்தின் மேல் நின்றுகொண்டு வெள்ளக் காலத்தில் இரவு முழுக்க அளவுகோலைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதியவன் நான். கூட வந்த மைத்துனர் ஸ்ரீரங்கத்துக்காரர். காட்டன் திருச்சிக்கே சொந்தம், அவருக்குப் பாம்பனில் என்ன வேலை என்ற சந்தேகத்தோடுதான் வேனில் ஏறினார்.

முதலில் கையேட்டின் அட்டை. ஆர்தர் காட்டன் என்று பெரிய எழுத்தில் பெயர். அதற்கு மேலே அடர்ந்த மீசையோடு ஒரு படம். மதுரை, தேனிப் பக்கம் எந்த விவசாயச் சங்க அலுவலகத்துக்குப் போனாலும், எந்த உரக்கடைச் சுவரைப் பார்த்தாலும் மாலை போட்டு மாட்டியிருக்கும் படம் அது. முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய ஜான் பென்னிகுவிக்!

"தம்பி, இவர் காட்டன் இல்லையே."

"அச்சகத்தில் வலையிலிருந்து எடுத்துப் போட்டுவிட்டார்கள் ஐயா. இரண்டு பேரும் துரைதானே என்கிறார்கள்."

சிரித்துவிட்டேன். ஆனால் யோசித்துப் பார்த்தால் அச்சகத்துக்காரர் முழுக்கத் தப்பான வாசலைத் தட்டவில்லை. இருவரும் கிழக்கிந்தியக் கம்பெனி தன் ராணுவப் பொறியாளர்களைப் பயிற்றுவித்த அடிஸ்கோம்ப் பள்ளியில் படித்தவர்கள். இருவரும் சென்னை ராணுவத்தின் பொறியாளர் பிரிவு. காட்டன் 1803இல் பிறந்தவர், பென்னிகுவிக் 1841இல் புனேயில் பிறந்தவர். 1860இல் காட்டன் ஓய்வு பெற்று ஊருக்குப் புறப்பட்டபோது பென்னிகுவிக் இந்தியாவில் வந்து இறங்கினார். ஒருவர் கழற்றிய சட்டையை இன்னொருவர் போட்டுக்கொண்டது போலத்தான். இருந்தாலும் காசு வாங்கிக்கொண்டு கொடுக்கும் கையேட்டில் அட்டைப் படமே ஆள் மாறியிருக்கலாமா? மறுபதிப்பில் திருத்துவதாகச் சொன்னார். பார்ப்போம்.

காலையில் மண்டபம் ரயில் நிலைய வாசலில் வேன் வந்து நிற்கிறது. பாலத்தின் மீது வண்டியை நிறுத்த மாட்டேன் என்று ஏறும்போதே கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறார். இந்த ஒரு காரணத்துக்காகவே அவருக்கு ஒரு மதிப்பெண் கூடுதலாகப் போட்டேன். அன்னை இந்திரா காந்தி பாலத்தில் நடுவழியில் காரை நிறுத்திவிட்டுக் கைப்பிடியில் ஏறிப் படம் எடுப்பவர்களை நாங்கள் உள்ளூர்க்காரர்கள் எத்தனை நாளாகச் சபித்துக்கொண்டிருக்கிறோம்! இவர் நேராகப் பாம்பன் கரைக்கு ஓட்டிப் போய், மீனவர் குடியிருப்பு வழியாகப் பாலத்துக்கு அடியில் கொண்டுபோய் இறக்குகிறார். கருவாடு காயும் வாடை, வலை பின்னும் பெரியவர்கள், கரையில் இழுத்துப் போட்ட நாட்டுப் படகுகள். தலைக்கு மேலே 1988இல் திறந்த சாலைப் பாலம். அதற்குப் பக்கத்தில் 1914இன் பழைய ரயில் பாலமும், 2025 ஏப்ரலில் திறந்த புதிய தூக்குப் பாலமும்.

இங்கேதான் தம்பி முதல் சறுக்கலைச் சறுக்கினார். பழைய ரயில் பாலத்தைக் கை காட்டி, "காட்டன் துரை போட்ட திட்டத்தில் வந்தது" என்றார். கூட வந்த காரைக்குடிக் குடும்பம் பயபக்தியோடு அண்ணாந்து பார்த்தது. பாலம் திறந்தது 1914 பிப்ரவரியில். காட்டன் இறந்தது 1899 ஜூலையில், இங்கிலாந்தில், 96 வயதில். அதுவும் போகட்டும். இந்தியாவுக்கு ரயில் வேண்டாம், கால்வாய் வெட்டுங்கள், படகில் சரக்கும் போகும், வயலுக்குத் தண்ணீரும் போகும் என்று வாழ்நாளின் பின்பாதி முழுக்கச் சண்டை போட்ட மனிதர் அவர். அவர் தலையில் ரயில் பாலத்தைக் கட்டினால் கல்லறையிலிருந்து எழுந்து வந்துவிடுவார். இதைச் சொன்னேன். தம்பி முகம் சுளிக்கவில்லை. சட்டைப்பையிலிருந்து ஒரு சிறு நோட்டை எடுத்துக் குறித்துக்கொண்டார்.

அதே காட்டன்தான் இந்தியாவின் முதல் ரயில் தடங்களில் ஒன்றைப் போட்டவர் என்பது இன்னொரு வேடிக்கை. சென்னையில் சாலை போடுவதற்குக் கல் கொண்டுவர, செங்குன்றத்திலிருந்து 1837 வாக்கில் ஓடிய தடம் அது. இதைச் சொன்னதும் தம்பி அதையும் குறித்துக்கொண்டார். அடுத்த குழுவுக்கு என்ன சொல்வாரோ தெரியாது.

பாலத்தை விட்டுத் தண்ணீருக்கு வந்தபோது தம்பியின் பேச்சே மாறிவிட்டது. வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. எங்கள் ஆட்களுக்கு வடகடல், தென்கடல். கச்சான், அதாவது தென்மேற்குக் காற்று, வீசும் மாதங்களில் தென்கடல் குதிக்கும், வடகடல் சாதுவாகக் கிடக்கும். வாடை பிறந்துவிட்டால் எல்லாம் தலைகீழ். இரண்டுக்கும் நடுவே இருக்கும் இந்த இடுக்கில் தண்ணீர் ஒரு நாளும் சும்மா நிற்பதில்லை. தம்பி ஒரு காய்ந்த தென்னை மட்டைத் துண்டை எடுத்து வீசினார். நாங்கள் போனது தை மாதம். மட்டை தயங்காமல் தெற்கே ஓடியது. ஒரு பார்க்கல்லின் (தண்ணீருக்குள் கிடக்கும் பாறை) பக்கம் போனதும் விலகி, ஒரு சுற்றுச் சுற்றி, கல்லுக்கும் அடுத்த கல்லுக்கும் இடையே இருந்த ஆழமான வழியைத் தானாகவே கண்டுபிடித்துப் போனது. "அந்த வழியைத்தான் ஐயா காட்டன் துரை வந்து அளந்தார். மட்டைக்குத் தெரிந்தது கப்பலுக்குப் போதாது."

இந்த ஒரு விளக்கத்துக்காகவே நான் 700 ரூபாய் கொடுப்பேன். பாம்பன் வழியில் குறுக்கே கிடக்கும் பாறைத்திட்டால் அந்தக் காலத்தில் தோணிகள் மட்டுமே போய்வர முடியும். பெரிய கப்பல் என்றால் இலங்கையைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். கம்பெனிக்கு அது செலவு, நாள், ஆபத்து. 1822இல் இந்த வழியை ஆராய்ந்து அறிக்கை கொடுக்க ஒரு பையனை அனுப்பினார்கள். பையன் என்றுதான் சொல்ல வேண்டும். காட்டனுக்கு அப்போது 19 வயது. 15 வயதில் அடிஸ்கோம்பில் சேர்ந்து, 1819இல் அதிகாரியாகி, வேல்ஸ் பக்கம் நில அளவைப் பணியில் சில காலம் கிடந்து, 1821இல் சென்னை வந்தவர். மீசை முளைத்தும் முளைக்காத வயதில் இந்தக் கரையில் நின்று கயிறு விட்டு ஆழம் பார்த்திருக்கிறார்.

பாறையை உடைத்தது அவர் அல்ல. 1828இல் மேஜர் சிம் என்ற இன்னொரு பொறியாளரிடம் பாறையை வெடி வைத்து உடைத்துப் பார்க்கும் பொறுப்பு வந்தது. அது பலித்ததும் கர்னல் மாண்டீத் தலைமையில் பெரிய அளவில் வேலை நடந்து வழி ஆழமானது. எங்கள் துறையிலும் இதே கதைதான். அளவெடுத்தவன் மாறுதலாகிப் போன பிறகுதான் டெண்டர் வரும். கையேட்டில் சிம் பெயரும் இல்லை, மாண்டீத் பெயரும் இல்லை. "காட்டன் பாம்பன் கால்வாயை வெட்டினார்" என்று ஒரே வரி. பிறகு 1860இல் டெய்லர் என்ற கடற்படைக்காரர் சேதுக் கால்வாய்த் திட்டம் ஒன்றைப் போட்டதையும், அதிலிருந்து திட்டத்துக்கு மேல் திட்டமாக வந்து, 2005இல் மதுரையில் தொடங்கி வைத்த சேது சமுத்திரம் வழக்கில் நின்றுபோனதையும் தம்பி வாயால் சொன்னார். நன்றாகவே சொன்னார். அரசியல் பேசாமல், ஆழத்தையும் மணல் வந்து சேர்வதையும் மட்டும் பேசினார்.

அடுத்து நடந்ததுதான் இந்தச் சுற்றுலாவின் உச்சம். கரையில் ஈர மணலில் எங்களை வட்டமாக உட்கார வைத்தார். வேனிலிருந்து ஒரு பழைய பிளாஸ்டிக் குவளையைக் கொண்டுவந்தார். அடிப்பாகத்தை அறுத்து எடுத்துவிட்ட குவளை, வெறும் வளையம். அதை மணல் மேல் நிறுத்தினார். கையால் அழுத்தச் சொன்னார். காரைக்குடிக் குடும்பத்துப் பையன் பலம் கொண்ட மட்டும் அழுத்தினான். விரல் அளவு இறங்கி நின்றுவிட்டது. "இப்போது அழுத்தாதே, உள்ளே இருக்கும் மணலை மட்டும் எடு" என்று ஒரு தேக்கரண்டியைக் கொடுத்தார். பையன் குவளைக்குள் கரண்டியை விட்டுச் சுரண்டச் சுரண்ட, விளிம்புக்கு அடியில் மணல் நழுவ, குவளை தானாகக் கீழே போனது. லேசான குவளை என்பதால் விளிம்பின் மேல் ஒரு கூழாங்கல்லை மட்டும் வைத்திருந்தார். கொஞ்ச நேரத்தில் உள்ளே தண்ணீர் ஊறியது. பையன் விடாமல் சேற்றைக் கோரினான். முக்கால் குவளை மண்ணுக்குள் போன பிறகு தம்பி அதை ஆட்டிப் பார்க்கச் சொன்னார். அசையவில்லை.

"இப்படி வரிசையாக இறக்கி, உள்ளே கல்லும் காரையும் போட்டு நிரப்பினால், அதற்கு மேல் சுவர் வைக்கலாம். முக்கொம்பு அப்படித்தான் நிற்கிறது."

நான் வாயைத் திறக்கவில்லை. மணல் ஆற்றில் கிணறு இறக்கி அடித்தளம் போடுவதை எனக்கு வகுப்பறையில் கரும்பலகையில் படம் போட்டுச் சொல்லிக்கொடுத்தார்கள். இரண்டு வகுப்பு ஆனது. இவர் ஓர் ஓட்டைக் குவளையை வைத்து ஐந்து நிமிடத்தில் புரியவைத்துவிட்டார். எங்கே படித்தாய் தம்பி என்று கேட்டேன். படிக்கவில்லையாம். அவருடைய தாத்தா தங்கச்சிமடத்தில் உறைக்கிணறு இறக்கியவர். சுட்ட மண் உறையை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, உள்ளே இறங்கி மணலை வாரி வெளியே அனுப்பினால் உறை தானே இறங்கும் என்பதைச் சின்ன வயதில் மேலே நின்று வாளி இழுத்தபடி பார்த்தவர். இந்தத் தீவு முழுக்க மணல். உப்புக் கடல் சுற்றி வளைத்திருக்க, நடுவில் நல்ல தண்ணீரை எடுக்க இதைத் தவிர வேறு வழி நம் ஆட்களுக்கு இருந்ததில்லை.

காட்டனே இதை மறைக்கவில்லை. ஆழம் காண முடியாத மணலில் அடித்தளம் போடும் வித்தையை இந்த ஊர்ப் பழைய அணைகளைப் பார்த்துத்தான் நாங்கள் கற்றுக்கொண்டோம் என்று பின்னாளில் எழுதினார். அவர் மனதில் இருந்தது கல்லணை. கல்லணையை அவர் கட்டவில்லை, அது கரிகாலன் பெயர் சொல்லும் அணை. காட்டன் அதில் மணல் போக்கி வைத்தார், அதைப் பார்த்துப் படித்தார், அந்தப் பாடத்தைக் கோதாவரி வரைக்கும் எடுத்துக்கொண்டு போனார். கையேட்டில் "கல்லணையைப் புதுப்பித்துக் கட்டிய" என்று ஒரு வரி இருக்கிறது. மைத்துனர் அதைப் படித்துவிட்டு, "மாப்பிள்ளை, கரிகாலனுக்குப் பென்ஷன் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களா?" என்று கேட்டார்.

குந்துகால் போகும் வழியில் வேனுக்குள் ஒலிபெருக்கியில் காட்டனின் வாழ்க்கை வரலாறு ஓடுகிறது. பதிவு செய்யப்பட்ட குரல். பின்னணியில் புல்லாங்குழல். குரலுக்குரியவர் யாரென்று தெரியாது, ஆனால் பக்திச் சொற்பொழிவு செய்து பழகியவர் என்பது முதல் வாக்கியத்திலேயே தெரிந்துவிட்டது. "கருணையே வடிவான காட்டன் பெருமான்" என்கிறார். வரிசை ஏறத்தாழச் சரி. பாம்பன் அளவைக்குப் பிறகு பர்மாப் போர். 1828இல் கேப்டன் ஆகிக் காவிரிப் பாசனப் பொறுப்பு. 1836 முதல் 1838 வரை கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையும் கீழணையும், அதாவது முக்கொம்பும் அணைக்கரையும். பிறகு 1847இல் தொடங்கி 1852இல் முடித்த கோதாவரி அணை. அதற்குப் பின் கிருஷ்ணா. 1861இல் சர் பட்டம்.

எரிச்சல் தந்தது வரலாற்றுத் தவறு அல்ல, அந்தத் தொனி. மனிதர் செய்த வேலையே போதுமான பெருமை. கொள்ளிடம் பள்ளமாகிக்கொண்டே போக, காவிரிக்கு வர வேண்டிய தண்ணீர் எல்லாம் அங்கே சரிந்து தஞ்சாவூர் வயல்கள் காயத் தொடங்கிய நேரம் அது. மேலணை அந்தச் சரிவைத் தடுத்தது. அவ்வளவுதான் விஷயம். அதற்கு எதற்குப் புல்லாங்குழல்? கோதாவரிக் கரைக் கிராமங்களில் அவர் சிலைக்கு மாலை போடுகிறார்கள் என்றால் அதற்கு அவர்களுக்கு வயலில் காரணம் இருக்கிறது. காட்டன் ஒரு ராணுவ அதிகாரி. கம்பெனிக்கு நிலவரி வர வேண்டும், வரி வர வேண்டுமானால் நெல் விளைய வேண்டும், நெல் விளைய வேண்டுமானால் தண்ணீர் வேண்டும். இந்தக் கணக்கை மேலிடத்துக்குப் புரியும்படி எழுதத் தெரிந்தவர். அவருக்கு இடறிய இடங்களும் உண்டு. அவர் ஆர்வத்தில் உருவான தனியார் பாசனக் கம்பெனி வெட்டிய கர்னூல்–கடப்பைக் கால்வாய் நட்டத்தில் முடிந்து, கடைசியில் அரசாங்கம் அதை வாங்க வேண்டியதாயிற்று. 1878இல் நாடாளுமன்றக் குழு முன் நின்று ரயிலைவிடக் கால்வாயே மேல் என்று வாதாடியபோது குழு கேட்டுக்கொள்ளவில்லை. முந்தைய இரண்டு ஆண்டுகளில் தென்னிந்தியா பஞ்சத்தில் செத்துக்கொண்டிருந்தது என்பதை வைத்துப் பார்த்தால் அந்த வாதம் இன்றைக்கும் கசக்கிறது. 75 வயதுக் கிழவர் தோற்கப்போகிறோம் என்று தெரிந்தும் போய் நின்றது, புல்லாங்குழல் இல்லாமலேயே கேட்க வேண்டிய கதை. பதிவில் அது இல்லவே இல்லை.

2018 ஆகஸ்டில் முக்கொம்பில் ஒன்பது ஷட்டர்கள் அடித்துக்கொண்டு போனதைப் பதிவு "காட்டனின் கண்ணீர்" என்கிறது. அன்றிரவு தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டு நான் தூங்கவில்லை என்பது உண்மை. ஆனால் போனவை பிற்காலத்தில் பொருத்திய ஷட்டர் அமைப்பைச் சேர்ந்தவை, காட்டன் வைத்தது அடியில் இருக்கும் சுவர். பராமரிப்பைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்வியைக் கண்ணீரால் துடைத்துவிடக் கூடாது. ஒலிப்பதிவை நிறுத்திவிட்டுத் தம்பியே பேசினால் போதும். இதை அவரிடமும் சொல்லிவிட்டேன்.

குந்துகாலில் விவேகானந்தர் மண்டபம், 1897இல் அவர் வந்து இறங்கிய இடம். அதற்கும் காட்டனுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. காற்று வாங்க நல்ல இடம், கழிப்பறை இருக்கிறது, அதனால் நிறுத்துகிறார்கள். கலங்கரை விளக்கத்தை வேனிலிருந்தே பார்க்க வேண்டியதுதான்.

சாப்பாடு பாம்பனில் ஒரு வீட்டில். பாரை மீன் குழம்பு, கணவாய் வறுவல், ரசம், அப்பளம். குழம்பில் புளி தூக்கல், எங்கள் பக்கத்துச் சுவை, எனக்குப் பிடித்தது. மைத்துனர் சைவம். அவருக்குக் கத்தரிக்காய்க் கூட்டும் மோரும் வைத்தார்கள், முகம் கோணாமல் வைத்தார்கள். பரிமாறிய அம்மாள் கணவாயை மறுபடியும் மறுபடியும் போட்டுக்கொண்டே இருந்தார். சாப்பாட்டில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

குறை வேறு இடத்தில் இருக்கிறது. சாப்பிட்டு முடித்துத் திண்ணையில் உட்கார்ந்தபோது தம்பியிடம் கேட்டேன். "காட்டன் பாம்பனுக்கு வந்த காலத்தில் அவருக்கு எந்தப் பிரிவில் வேலை தெரியுமா?" தெரியவில்லை. தென்பகுதி ஏரிகள், கண்மாய்களைப் பார்க்கும் பிரிவில் உதவிப் பொறியாளராக அவர் வேலை பார்த்த காலம் அது. ராமநாதபுரமோ கண்மாயால் உயிர் வாழும் சீமை. நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை என்று பெயர் வாங்கிய ராஜசிங்கமங்கலம் கண்மாய் இங்கேதான் இருக்கிறது. வைகையில் எப்போதாவது வரும் வெள்ளத்தைக் கண்மாய் கண்மாயாகப் பிடித்து வைத்து, மடை திறந்து, கலுங்கு என்னும் உபரிநீர் வழியே அடுத்த கண்மாய்க்கு அனுப்பிப் பிழைத்த ஊர்கள். அப்படிப்பட்ட சீமைக்கு வந்த கண்மாய்ப் பொறியாளர் கடலைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். தஞ்சாவூருக்குத் தண்ணீர், கோதாவரிக்குத் தண்ணீர், நமக்குக் கப்பல் போகும் வழி!

காட்டனைக் குறை சொல்லிப் பயன் இல்லை. 1803இல் கம்பெனி ராமநாதபுரத்தை ராணி மங்களேஸ்வரி நாச்சியாருக்கு ஜமீனாக நிரந்தரமாக எழுதிக் கொடுத்துவிட்டது. ஜமீன் கம்பெனிக்குக் கொடுக்க வேண்டிய பேஷ்குஷ், அதாவது ஆண்டுக் கப்பத் தொகை நிலையானது. கண்மாயைச் சீர் செய்து விளைச்சல் கூடினாலும் கம்பெனிக்கு ஒரு காசு கூட வராது. தஞ்சாவூரில் கூடிய விளைச்சலுக்கு வரி கூடும். எங்கே அணை கட்டுவார்கள் என்று இனி யாரும் சொல்லித் தர வேண்டாம். 1948இல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்து கண்மாய்கள் அரசின் கைக்கு வந்து சேர்ந்தபோது பாதி மேடாகிக் கருவேலம் மண்டிக் கிடந்தது. அதற்குப் பிறகு நாங்கள், அதாவது என் துறை, என்ன செய்தோம் என்று கேட்டால் அதற்குத் தனியாக ஒரு நாள் சுற்றுலா வேண்டும்.

தம்பி கேட்டார்: "அப்படியானால் நம் ஊரில் தண்ணீரைப் பற்றி யாருமே யோசிக்கவில்லையா ஐயா?"

யோசித்தார்கள். ராமநாதபுரம் சேதுபதி மன்னரின் பிரதானி, அதாவது தலைமை அமைச்சர், முத்திருளப்ப பிள்ளை 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் பெரியாற்றுத் தண்ணீரை மலையைத் தாண்டி வைகைக்குத் திருப்ப முடியுமா என்று ஆள் அனுப்பிப் பார்த்தார். காசு இல்லாமல் நின்றுபோனது. 1808இல் கேப்டன் கால்டுவெல் என்ற கம்பெனிப் பொறியாளர் போய்ப் பார்த்து, நடக்காத கனவு என்று எழுதி மூடிவிட்டார். இதே கால்டுவெல்தான் 1804இல் கல்லணையை ஆராய்ந்தவர். மூடிய கோப்பு பல கை மாறியது. 1887இல் வேலையைத் தொடங்கி 1895இல் முடித்தவர் பென்னிகுவிக். காட்டிலும் மழையிலும் காய்ச்சலிலும் ஆட்கள் செத்து, கட்டியதை வெள்ளம் அடித்துப் போய், மறுபடி கட்டி. ஒரு ராமநாதபுரத்துப் பிரதானியின் யோசனை நூறு வருடம் கழித்து ஓர் ஆங்கிலக் கர்னலின் கையால் நடந்தது. அந்தத் தண்ணீர் இப்போதும் எங்கள் மாவட்டத்துக்குக் கடைமடையாகத்தான் வருகிறது, வந்தால்.

"அப்படியென்றால் அட்டையில் பென்னிகுவிக் படம் இருப்பதில் தப்பில்லையே ஐயா?" என்றார் தம்பி. கெட்டிக்காரன். படம் இருக்கட்டும், பெயரைச் சரியாகப் போடு, பக்கத்தில் முத்திருளப்ப பிள்ளையின் பெயரையும் போடு என்றேன். வேனை ராஜசிங்கமங்கலம் வரை ஓட்டி, கண்மாய்க் கரையில் அந்தக் குவளையை மறுபடி எடுத்துக் காட்டினால் இது முழு நாள் சுற்றுலாவாகும், நான் 1,500 ரூபாய் கொடுத்தும் வருவேன் என்றும் சொன்னேன். டீசல் கணக்குப் போட்டுப் பார்த்துச் சொல்கிறேன் என்றார்.

போக நினைப்பவர்களுக்கு: வேனில் பதின்மூன்று பேர் உட்காரலாம், பின் இருக்கையில் கால் நீட்ட இடமில்லை, வயதானவர்கள் முன்னிருக்கை கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். குளிர்சாதனம் பேருக்குத்தான். பாலத்தடியில் மணலிலும் பார்க்கல்லிலும் நடக்க வேண்டும், வழுக்காத செருப்பு அவசியம். சித்திரை, வைகாசியில் போகாதீர்கள், மணலில் உட்கார முடியாது. தை, மாசி நல்லது. குழந்தைகளைக் கட்டாயம் அழைத்துப் போங்கள், குவளைக்காக. சைவச் சாப்பாடு வேண்டுமென்றால் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். கையேட்டைத் தனியாகவும் 50 ரூபாய்க்கு விற்கிறார்கள். புது அட்டை வந்த பிறகு வாங்கிக்கொள்ளலாம்.